அத்தியாயம் 7: காட்சிக்கு ஒரு புல்லட் எஞ்சின்

வடசென்னையில் பழைய எஞ்சின் ஒன்றைச் சீர்செய்து பார்வைக்கு வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது 350 சிசி புல்லட்டைத்தான். அது இந்த மண்ணில் வளர்ந்த எஞ்சின். 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்திலிருந்து புல்லட்டுகளை வாங்கத் தொடங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அவற்றைச் செய்த ஆங்கிலேய நிறுவனமும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து பிரிட்டனுக்கே வண்டி ஏற்றுமதியானது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி கொண்ட அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் 2000களின் இறுதிவரை அடிப்படை மாறாமல் ஓடியது.

ஒரே அமைப்பு அரை நூற்றாண்டு நீடித்ததால் பாகங்கள் கிடைக்கின்றன. அந்த எஞ்சினைக் கையால் பூட்டிய மனிதர்கள் இன்றும் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் இருக்கிறார்கள். இரண்டாவதுதான் பெரிய சொத்து. பாகத்தை இன்னும் இருபது வருடம் கழித்தும் வாங்கலாம். அவர்களுடைய கை அதுவரை காத்திருக்காது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

எந்த நிலையில் வைக்கப் போகிறீர்கள்?

ஸ்பேனரைத் தொடும் முன் இதை முடிவு செய்யுங்கள். மூன்று வழி உண்டு. அசையாமல் நிற்கும் எஞ்சின், கையால் சுற்றினால் உள்ளே எல்லாம் அசையும் எஞ்சின், பெட்ரோல் ஊற்றி ஓடும் எஞ்சின். கூடத்துக்குள், பள்ளியில், நூலகத்தில் வைப்பதென்றால் மூன்றாவதை மறந்துவிடுங்கள். புகை, பெட்ரோல் ஆவி, சூடான சைலன்சர் எதுவும் குழந்தைகள் நிற்கும் இடத்துக்கு ஆகாது. நான் சொல்வது இரண்டாவது வழி. பிஸ்டன் ஏறி இறங்குவதையும், அதற்கேற்ப வால்வு திறந்து மூடுவதையும் ஒரு சிறுமி தன் கையால் சுற்றிப் பார்த்தால், நான்கு ஸ்ட்ரோக் என்பது பாடப்புத்தகத்தைவிட வேகமாகப் புரியும்.

உள்ளே தெரிய வேண்டும் என்பதற்காக நல்ல கிராங்க்கேஸை அறுத்துவிடாதீர்கள். ஐ.டி.ஐ.களில் பார்க்கும் கட் செக்‌ஷன் மாதிரிக்கு, விரிசல் விட்டு இனி ஓடவே முடியாத கேஸும், போரிங் எல்லையைத் தாண்டிவிட்ட சிலிண்டரும் போதும். அவை காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். டைமிங் பக்கத்தைக் காட்ட அறுக்கவே வேண்டாம். அசல் டைமிங் கவரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே வடிவத்தில் கனமான அக்ரிலிக் தகடு வெட்டிப் பூட்டினால் பல்சக்கர வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சின் தேடுவது

புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் எல்லோரும் அறிந்த இடங்கள். அங்கே போகும்போது முதலில் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே வேறு எண் குத்தப்பட்டிருந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருக்கலாம். கடைக்காரரிடம் எஞ்சின் எண் எழுதிய ரசீது கேளுங்கள். பழைய ஆர்.சி. நகல் கிடைத்தால் அதையும் வாங்கி வையுங்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதி ஐம்பது வயது கடந்த முழு வண்டிகளுக்கானது. பீடத்தில் நிற்கும் தனி எஞ்சினுக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் நாளை யாராவது கேட்டால் காட்டக் காகிதம் வேண்டும்.

இரண்டாவதாக, கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடிதானா என்று பாருங்கள். அவை சேர்த்து வைத்து மெஷினிங் செய்யப்பட்டவை. ஒரு பாதி ஒரு வண்டியிலிருந்தும் மறு பாதி இன்னொன்றிலிருந்தும் வந்திருந்தால் கிராங்க் இலகுவாகச் சுற்றாது. சிலிண்டர் உட்காரும் மேல்முகத்தில் விரலை வைத்து இணைப்பின் குறுக்கே இழுங்கள். படி தட்டினால் சந்தேகப்படுங்கள்.

கூட்டாளிகள்

தனியாக இந்த வேலையைச் செய்ய முடியும், ஆனால் செய்யக் கூடாது. குறைந்தது நான்கு வகை ஆட்கள் வேண்டும்: தொழிற்சாலையிலோ சர்வீஸ் சென்டரிலோ இந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய ஓய்வுபெற்ற ஃபிட்டர், லேத் பட்டறைக்காரர், பொறுமையாகப் படம் எடுத்துக் குறிப்பெழுதும் ஒருவர், கற்றுக்கொள்ள வந்த ஐ.டி.ஐ. மாணவர். சென்னையில் மெட்ராஸ் புல்ஸ் போன்ற புல்லட் குழுக்களும் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய வாகன ஆர்வலர் அமைப்புகளும் இருக்கின்றன. அங்கே போய் நின்று, என்னிடம் இந்த எஞ்சின் இருக்கிறது, இன்ன பாகம் இல்லை என்று சொன்னாலே பாதிப் பாகங்கள் யார் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆர்வலர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தருவார்கள், அது அன்பு. லேத்காரர் தருவது அவருடைய பிழைப்பு நேரம். நண்பரானாலும் அவருக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். காசிமேடு பக்கம் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைகளில் துரு பிடித்த உலோகத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிற கை உண்டு. அங்கே கேட்டால் வேறெங்கும் கிடைக்காத யோசனை கிடைக்கும், ஆனால் படகு வேலை நெருக்கும் நாட்களில் உங்கள் ஸ்டட்டுக்கு நேரம் இராது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்த இரண்டு மாதமும் பட்டறைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மூத்த ஃபிட்டர் பேசும்போது கைபேசியில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். எந்த நட்டை எந்த வரிசையில் இறுக்கினார்கள், எந்த வருடம் எந்தப் பாகத்தின் வார்ப்பு மாறியது, எந்த ஷிஃப்டில் எத்தனை எஞ்சின் முடிந்தது என்பதெல்லாம் கையேட்டில் இராது.

உப்பு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் கிடந்த எஞ்சினுக்கு ஒரு தனி நோய் உண்டு. கிராங்க்கேஸ் அலுமினியம், ஸ்டட்டுகள் எஃகு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி ஊதிப் பெருத்து ஸ்டட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெறும் துரு என்று நினைத்து நீளமான பைப் போட்டுத் திருப்பினால் ஸ்டட் ஒடியும், அல்லது அலுமினியத்தின் மரையையும் சேர்த்து உருவிக்கொண்டு வரும்.

சூடுதான் மருந்து. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும். ஸ்டட்டைச் சுற்றியுள்ள இடத்தில் கொதிக்கும் நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். நன்றாகத் துடைத்து, இளஞ்சூடாக இருக்கும்போதே மெல்லிய எண்ணெய் விடுங்கள், ஆறும்போது அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் திரும்பச் செய்யுங்கள். திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரளவு, பிறகு தளர்த்தும் பக்கம். கீச்சென்ற சத்தம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் கிக்கரை மிதிக்கவே மிதிக்காதீர்கள். பிளக் ஓட்டை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் சம அளவு கலந்து ஊற்றிவிட்டு ஒரு வாரம் வேறு வேலை பாருங்கள். குறைந்தால் மீண்டும் ஊற்றுங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலைமேல் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். இந்தக் கட்டத்தில்தான் இளைஞர்களின் கை துறுதுறுக்கும். அப்போது ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். “சுத்தியக் கீழ வெய்யி தம்பி. இத்தினி வருஷம் பூந்து உக்காந்துகினு இருக்குது, இன்னும் ரெண்டு நாளு குடு, தானா வரும்” என்று திருவொற்றியூர்ப் பட்டறையில் ஒரு மூத்த ஃபிட்டர் சொன்னதை நான் இன்றும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

கழற்றுவது

எண்ணெயை வடியுங்கள். புல்லட்டில் ஆயில் டாங்க் தனியாக இல்லை, கிராங்க்கேஸ் வார்ப்பின் பின்பகுதியே டாங்க். வண்டி நெடுநாள் நின்றால் அங்குள்ள எண்ணெய் பம்ப் வழியே கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். ஆகையால் இரண்டு இடத்திலும் வடிக்க வேண்டும். வடிந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். வெண்கலத் துகள் மின்னினால் உள்ளே ஏதோ புஷ் தேய்ந்திருக்கிறது.

கிளட்ச் பக்கத்து வெளிக்கவரை நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. எண்ணெய் ஒழுகுகிறதே என்று காலங்காலமாக மெக்கானிக்குகள் அதைப் போட்டு இறுக்கியிருப்பார்கள், கவர் உட்பக்கம் வளைந்திருக்கும். கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து வைத்தால் வளைவு தெரியும்.

டைமிங் பக்கம் கவனம் தேவைப்படும் இடம். கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் இருக்கிறது. அது இடமரை, மெக்கானிக் மொழியில் லெஃப்ட் திரெட். வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும், மரை போய்விடும். கேம் பல்சக்கரங்களில் உள்ள புள்ளிகளைத் துடைத்து, அவை ஒன்றையொன்று பார்த்து நிற்கும் நிலையில் படம் எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

மரைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலேய வடிவமைப்பு என்பதால் இதில் பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை எனப்படும் அங்குலத்துக்கு 26 மரை எல்லாம் கலந்து இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தி, நட்டின் முனைகளைத் தின்றுவிடும். விட்வொர்த் அளவு ஸ்பேனர் செட் ஒன்றை பாரிமுனை ஹார்டுவேர் கடைகளிலோ பழைய ஃபிட்டர்களிடமோ தேடிப் பிடியுங்கள். மரை போன ஓட்டையை மெட்ரிக் அளவுக்குப் பெரிதாக்கி வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. காட்சிக்கு வைக்கும் எஞ்சினில் அதை அனுமதிக்காதீர்கள். லேத்காரரிடம் பழைய ஸ்டட்டையே மாதிரியாகக் கொடுத்து அதே மரையில் புதிதாகக் கடைந்து வாங்குங்கள்.

நட்டு, வாஷர் எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாக்களில் போட்டுத் தமிழிலேயே சீட்டு எழுதுங்கள். கழற்றியவரே பூட்டுவார் என்ற நிச்சயம் இல்லை. கிராங்க்கின் ஃப்ளைவீல்களைப் பிரிக்காதீர்கள். கனெக்டிங் ராடின் பிக் எண்டில் மிதக்கும் புஷ் இருக்கிறது. காட்சிக்கு அது ஓரளவு தேய்ந்திருந்தாலும் பாதகமில்லை.

சுத்தம் செய்வது, எங்கே நிறுத்துவது

மண்ணெண்ணெய், பழைய பெயின்ட் பிரஷ், பித்தளைக் கம்பி பிரஷ். பெட்ரோலில் கழுவ வேண்டாம். காஸ்டிக் சோடாத் தொட்டியில் அலுமினியத்தை முக்கிக் கொடுக்கும் பட்டறைகளிடம் கேஸைத் தராதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு அலுமினியத்தையும் அது கரைத்துவிடும். பழைய கிளட்ச் பிளேட்டிலும் ஹெட் பேக்கிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், ஈரப்படுத்தி எடுத்துப் பையில் கட்டி ஒதுக்குங்கள்.

இனி நான் பிடிவாதமாக நிற்கும் இடம். கண்காட்சிக்குப் போகும் எஞ்சினை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று நண்பர்கள் துடிப்பார்கள். டைமிங் கவரும் கிளட்ச் கவரும் தொழிற்சாலையிலேயே பஃபிங் ஆகி வந்தவை, அவற்றை மெருகேற்றலாம். கிராங்க்கேஸின் வெளிப்புறம் வார்ப்பு மணலின் சொரசொரப்போடுதான் வெளியே வந்தது. அதைப் பஃபிங் செய்தால் வார்ப்பு எண்களும், மேல்முகங்களில் குத்திய ஆய்வு முத்திரைகளும் மழுங்கிவிடும். ஒருவர் கையால் குத்திய எண் அது, அழிந்தால் திரும்ப வராது. சிலிண்டரின் ஆதி நிறம் என்ன என்று தெரிய, துடுப்புகளின் அடியிடுக்கில் பாருங்கள். வெயிலும் கையும் படாத அங்கேதான் பழைய பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எதைப் புதிதாகச் செய்தோம் என்பதை எழுதி வைக்கும் ஒழுக்கமும் வேண்டும். 1855-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, நூறாண்டுக்குமேல் காட்சிப் பொருளாக நின்ற இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சினை, நம் பெரம்பூர் லோகோ பணிமனை 2010-ல் ஓட வைத்தது. ஓட வேண்டுமானால் புதுப் பாகம் தவிர்க்க முடியாது. நம்முடையது நிற்கப் போகும் எஞ்சின், ஆகவே மாற்றாமல் விடுவதற்கு நமக்குச் சுதந்திரம் அதிகம். கீறலோடு உள்ள அசல் ராக்கர் மூடி, கடையில் வாங்கும் புதிதைவிட மேலானது.

பூட்டுவது

போரிங், ஓவர் சைஸ் பிஸ்டன் எதுவும் தேவையில்லை. பிஸ்டன் ரிங்குகளைக் கழற்றித் தனியே வைத்துவிட்டால் கையால் சுற்ற இலகுவாக இருக்கும். பேரிங் மாற்ற வேண்டியிருந்தால் கேஸை ஓவனில் சூடாக்குங்கள். ஒரு துளி நீர் பட்டதும் சுரீரென்று ஆவியானால் போதும், பேரிங் தானே விழும், புதியதும் தானே உட்காரும். உள்ளே எண்ணெய் நிரப்ப வேண்டாம், பீடமெல்லாம் ஒழுகும். தேயும் இடங்களில் மட்டும் கிரீஸும் எண்ணெயும் குழைத்துப் பூசுங்கள்.

டேப்பட் சரிசெய்வதை மூத்தவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த எஞ்சினில் ஃபீலர் கேஜ் தேவைப்படாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ் ராடைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்ட வேண்டும். தடையில்லாமல் உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டினால் துளியும் ஆடக் கூடாது. அவர் நட்டைக் கால் சுற்று திருப்புவார், உருட்டுவார், முகம் சுளிப்பார், பாதி திருப்பத்தைத் திரும்ப எடுப்பார். பிறகு உங்கள் விரலைப் பிடித்து அங்கே வைப்பார். அந்த உணர்வை எழுதிக் காட்ட முடியாது. குழுவிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு முறையாவது உருட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சுற்றுவதற்கு கிராங்கின் கிளட்ச் பக்க முனையில் மரப்பிடி வைத்த கைப்பிடி ஒன்றை லேத்தில் செய்து பூட்டுங்கள். மோட்டார் வைப்பதானால் பழைய காரின் 12 வோல்ட் வைப்பர் மோட்டார் போதும், மெதுவாகவும் வலுவாகவும் சுற்றும். கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்கும், கேம் சக்கரத்தில் ஒரு பல்லுக்கும் மஞ்சள் பெயின்ட் வையுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று என்பதைக் குழந்தைகள் தாங்களே எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் வலை அடைத்துவிடுங்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் சுற்றும் இடங்களுக்கும் விரல் நுழையாத காப்பு வேண்டும். இதில் சமரசம் கூடாது.

பீடத்தை எல் ஆங்கிளில் வெல்டிங் செய்யுங்கள். எஞ்சினின் சொந்த மவுண்டிங் ஓட்டைகளிலேயே போல்ட் போட வேண்டும், புதிதாக ஓட்டை போடக் கூடாது. கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அசோக் லேலண்ட் லாரி எஞ்சின் போல எண்ணூர்ப் பக்கத்துப் பெரிய எஞ்சின் ஒன்றை எடுத்திருந்தால் செயின் பிளாக் இல்லாமல் கை வைக்காதீர்கள். மற்றபடி இங்கே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

விவரப் பலகையும் பராமரிப்பும்

பலகையில் எஞ்சின் பெயர், எந்த ஊரில் செய்தது, போர், ஸ்ட்ரோக், எது அசல், எது புதிது என்று எழுதுங்கள். கீழே வேலை செய்த எல்லோருடைய பெயரும், அவர்கள் சம்மதத்தோடு: ஃபிட்டர், டர்னர், ஸ்டட் கடைந்தவர், படமெடுத்த மாணவி. இந்த வட்டாரத்து எஞ்சின்களில் கம்பெனிப் பெயர் மட்டும் பொறித்திருந்தது போதும்.

எஃகுப் பாகங்களுக்கு மெழுகுப் பூச்சு கொடுங்கள். வார்னிஷ் அடித்தால் ஒரே வருடத்தில் மஞ்சளாகும், அடியில் துரு ஓடுவதும் தெரியாது. கார்ப்பரேட்டர் வாயையும் எக்சாஸ்ட் துளையையும் மூடுங்கள். கிராங்க் அறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூல் முனை வெளியே தெரியும்படி வையுங்கள், உள்ளே சுற்றும் எதிலும் அது சிக்கக் கூடாது. மாதம் ஒருமுறை பத்துச் சுற்று சுற்றி, பிஸ்டனை வேறு இடத்தில் நிறுத்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் ஜெல் பைகளை மாதந்தோறும் மாற்ற வேண்டும். சாவியும் ஜெல் பை பெட்டியும் யாரிடம் இருக்கின்றன என்பதைப் பலகையின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.